தேனீ கொட்டினால் சுண்ணாம்பு போதுமா?



தேனீயோ தெபுவானோ கொட்டிவிட்டால் நம் வீடுகளில் முதலில் எதைத் தேடுகிறோம்? பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை. ஒரு விரல் சுண்ணாம்பை எடுத்துக் கொட்டிய இடத்தில் தடவி, "போ, கொஞ்ச நேரத்தில சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறோம். பெரும்பாலும் சரியாகவும் போய்விடுகிறது. அதனால்தான் சுண்ணாம்பின் மேல் நமக்கு இவ்வளவு நம்பிக்கை. ஆனால் சரியாக்கியது சுண்ணாம்பு அல்ல. நம் உடம்பு தானாகவே சரியாக்கிக்கொண்டது.

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் பெரியப்பா செம்பனைக் காட்டில் குலை வெட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் மட்டையை இழுத்தபோது உள்ளே இருந்த தெபுவான் கூடு கலைந்தது. மூன்றே மூன்று கொட்டு. கூட இருந்தவர்கள் சுண்ணாம்பு தடவி மரத்தடியில் உட்கார வைத்தார்கள். "தலை சுத்துது" என்றார். "வெறும் வயித்துல வந்திருப்பீங்க" என்று தேத்தண்ணி கொடுத்தார்கள். உடம்பெல்லாம் தடித்தது. குரல் கம்மியது. அப்புறம்தான் லாரி நிற்கும் இடம்வரை அவரை நடத்திக் கூட்டிப் போனார்கள். டவுன் ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்கும் முன்பே மூச்சு நின்றுவிட்டது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு குளவி கொட்டியபோதே அவருக்கு உடம்பு முழுவதும் தடித்திருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரையும் குற்றம் சொல்லி எழுதவில்லை. கூட இருந்தவர்கள் அத்தனை பேரும் அவர்மேல் பிரியமுள்ளவர்கள். தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்துகொள்வோம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சுண்ணாம்பு ஏன் விஷத்தை முறிக்காது? "தேனீ விஷம் ஆசிட்டு, அதைக் காரமான சுண்ணாம்பு முறிச்சிடும்" என்பார்கள். பால்மரக் காட்டில் வேலை செய்தவர்கள் சிலர், பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியாவையே எடுத்துத் தடவுவார்கள். ஆசிட் ஊற்றினால் பால் உறையும், அமோனியா ஊற்றினால் உறையாது என்று கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் மங்கில் இருக்கும் பாலும், தோலுக்கு அடியில் இறங்கிய விஷமும் ஒன்றல்ல. மேலே தடவுவது உள்ளே போய் அதைப் பிடிக்காது. மேலும் தேனீ விஷத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி, மெலிட்டின் என்னும் புரதவகைப் பொருள். அது வெறும் ஆசிட் அல்ல, காரத்தைக் கொண்டு முறிப்பதற்கு. சுண்ணாம்பும் அமோனியாவும் தோலைத்தான் பொசுக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் தடவினால் கண்ணுக்கே ஆபத்து. மண்ணெண்ணெய் வேண்டாம். சாணியும் சேறும் வேண்டவே வேண்டாம். அவற்றால் புண் சீழ் பிடிக்கும், ஜன்னி வரவும் இடமுண்டு. கோடாலித் தைலத்தை வைத்து அழுத்தித் தேய்ப்பதும் தடிப்பை அதிகமாக்குமே தவிரக் குறைக்காது.

அப்படியானால் வீட்டில் இருப்பதைக் கொண்டு ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். தேவையான சாமான்கள் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கொட்டிய இடத்தைவிட்டு ஓடுங்கள். தேனீ கொட்டும்போது வாழைப்பழம் போன்ற ஒரு வாடையை விடுகிறது. அது மற்றத் தேனீக்களைச் சண்டைக்குக் கூப்பிடும் வாடை. அங்கேயே நின்று கையை வீசி அடித்தால் கூட்டமே வந்து சேரும். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ போய்க் கதவைச் சாத்துங்கள்.

இரண்டாவது, கொடுக்கை எடுங்கள். தேனீ கொட்டினால் கொடுக்கு, விஷப்பையோடு தோலிலேயே தங்கிவிடும். தேனீ போன பிறகும் அந்தப் பை விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். பெரும்பங்கு முதல் அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். "கிள்ளி எடுக்கக் கூடாது, கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்" என்று முன்பு சொல்லிக் கொடுத்தார்கள். 1996-ல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, எப்படி எடுத்தாலும் ஒன்றுதான், தாமதமானால்தான் வீக்கம் கூடுகிறது என்று காட்டியது. ஆகவே கத்தி தேடி ஓடாதீர்கள். நகத்தாலேயே உடனே எடுத்துப் போடுங்கள். குளவியும் தெபுவானும் கொடுக்கை விட்டுப் போகாது. திரும்பத் திரும்பக் கொட்டும். அங்கே கொடுக்கைத் தேடிக் கிள்ளிப் புண்ணாக்க வேண்டாம்.

மூன்றாவது, மோதிரம், வளையல், மெட்டி எதுவாக இருந்தாலும் வீக்கம் வருமுன்னே கழற்றுங்கள். வீங்கிய பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடியும் வையுங்கள். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. காட்டில் ஐஸ் இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி போதும். கை காலில் கொட்டியிருந்தால் உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். வலிக்குப் பனடோல் சாப்பிடலாம். அரிப்புக்குக் கேலமைன் தடவலாம். அரிப்பு மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வரும், அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள். அப்பச் சோடாவைக் குழைத்துப் போடுகிறவர்கள் போடட்டும். கெடுதல் பெரிதாக இல்லை, பலனும் பெரிதாக இல்லை. வெங்காயமும் அப்படித்தான். மனத்துக்கு ஓர் ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலிலேயே ஆளை மறந்துவிடாதீர்கள்.

ஏனென்றால் ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: ஆளைத் தனியே விடாதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பயமில்லை. கொட்டாத இடத்திலும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் மாற்றம், மூச்சு இழுப்பு, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் ஐஸையும் விட்டுவிடுங்கள், சுண்ணாம்பையும் விட்டுவிடுங்கள். 999-க்குப் போன் செய்யுங்கள், வண்டியைக் கூப்பிடுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார விடலாம். எழுப்பி நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், ரத்த அழுத்தம் இறங்கிய நேரத்தில் அதுவே உயிரை எடுக்கும். தேத்தண்ணியும் கொடுக்காதீர்கள். இதற்கு மருந்து ஒன்றுதான்: தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது.

இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும், பத்துக்கு மேல் கொட்டியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சின்னப் பிள்ளை என்றால் அதற்குக் குறைவாக இருந்தாலும் போக வேண்டும். வாயிலோ தொண்டையிலோ கொட்டினாலும் அப்படியே. விஷம் அதிகமானால் ஓரிரு நாள் கழித்துச் சிறுநீரகம் பழுதாகலாம். சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் அது அபாய அறிவிப்பு. முன்பு ஒருமுறை கொட்டி உடம்பெல்லாம் தடித்தவர்கள், அதை இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டிலும் வேலைக்காட்டிலும் சொல்லி வையுங்கள். எங்கள் பெரியப்பா சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். ஒவ்வாமையால் இறந்தவர்களைப் பற்றி இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2000-ல் வெளிவந்தது. பூச்சி கொட்டி இறந்தவர்களில் பாதிப் பேருக்குச் சுமார் 15 நிமிடத்துக்குள்ளேயே இதயமோ மூச்சோ நின்றிருந்தது. பதினைந்தே நிமிடம்! நம் தோட்டத்தின் உள்காட்டிலிருந்து மண்ரோட்டில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே வீட்டு வைத்தியத்தை எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டாலும் பாதிதான் நம் கையில் இருக்கிறது. மீதிப் பாதி நிர்வாகத்தின் கையில்.

டிரெசர் இருக்கும் தோட்டத்தில் அட்ரினலின் மருந்து இருக்கிறதா, அது காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். டிரெசர் இல்லாத தோட்டத்தில் உள்காட்டுக்கு எந்த வண்டி வரும், யாருக்குப் போன் செய்வது என்று பெரட்டிலேயே சொல்ல வேண்டும். கூடு தெரிந்த நிரையில் அடையாளம் கட்டி, பொம்பாவையோ பொதுத் தற்காப்புப் படையையோ வரவழைத்துக் கூட்டை அகற்றிய பிறகுதான் ஆளை இறக்க வேண்டும். "புகை போட்டுட்டு வெட்டு" என்று மண்டோர் சொல்வது தீர்வல்ல. இது யாரும் போடும் பிச்சையும் அல்ல. தொழிலாளியின் பாதுகாப்பைக் கவனிப்பது முதலாளியின் கடமை என்று 1994-ம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். வேலையில் கொட்டு வாங்கியவர் அதை விபத்தாகவே எழுதச் சொல்லி, சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து நிரையில் வெட்டும் அந்தத் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள். தெபுவான் பாஸ்போர்ட் பார்த்துக் கொட்டுவதில்லை.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியை எழுப்புங்கள்: "நம்ம தோட்டத்துல ஒருத்தருக்குக் கொட்டி மூச்சுத் திணறினா, 15 நிமிஷத்துக்குள்ள ஊசி கிடைக்குமா?" பதில் இல்லையென்றால், பதில் வரும்வரை கேளுங்கள்.

பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு இருக்கட்டும். அது வெற்றிலைக்கு.