கொழுவும் டர்பைன் பிளேடும்

காளையார்கோவில் பக்கத்து கிராமங்களில் கலப்பைக் கொழு தேய்ந்தால் உடனே தூக்கி எறிவதில்லை. பட்டறைக்குப் போகும். வெல்டிங் வைத்து, கிரைண்டரில் தேய்த்து, கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டு "சரியாயிருச்சு, கொண்டு போங்க" என்று கொடுத்து விடுவார்கள். ஜெட் என்ஜின் பிளேடு ரிப்பேரும் அடிப்படையில் இதே வேலைதான் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும். டர்பைன் பிளேடின் முனை தேய்கிறது, விளிம்பில் விரிசல் விழுகிறது. பழைய பூச்சை நீக்கி, விரிசலைச் சோதித்து, வெல்டிங்கிலோ லேசரிலோ உலோகம் சேர்த்து, வடிவத்துக்குத் தேய்த்து, மறுபடி பூச்சு போடுகிறார்கள். கொழு உடைந்தால் அரை நாள் உழவு போகும். பிளேடு உடைந்தால்...?

இத்தனைக்கும் அந்த பிளேடு சுழல்வது, தன் உலோகமே உருகும் அளவைவிட சூடான வாயுவில். உள்ளே ஓடும் காற்றும் மேலே உள்ள பீங்கான் பூச்சும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. பறந்து பறந்து ஒவ்வொரு பிளேடும் ஒவ்வொரு விதமாகக் கோணிக் கொள்ளும். புது பிளேடின் வரைபடத்தை வைத்துத் தேய்த்தால் சரிவராது. அனுபவமுள்ள கை சமாளிக்கும், சரி. அந்தக் கை ரிட்டயர் ஆனால்? காலையில் தேய்த்ததும் சாயங்காலம் களைத்துப்போய் தேய்த்ததும் ஒன்றாக இருக்குமா?

இதற்குத்தான் புது வழி. ஒவ்வொரு பிளேடையும் ஸ்கேன் செய்து, அதன் இப்போதைய வடிவத்துக்கு ஏற்ப கருவி போகும் பாதையைக் கணினி மாற்றி எழுதுகிறது. வெல்டிங் சூட்டில் எங்கே விரிசல் வரலாம், தேய்த்தபின் அதிர்வு எப்படி மாறும் என்பதையெல்லாம் சிமுலேஷன் முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது.

'ரோபோ வந்தால் வேலை போச்சு' என்று ஒரு கோஷ்டி. 'ரோபோ வாங்கினால் போதும்' என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு பேர் சொல்வதும் தப்பு! ரோபோ வெறும் கை. சிமுலேஷன் இல்லாத ரோபோ ஒரே தப்பை ஆயிரம் பிளேடில் அச்சு மாறாமல் செய்யும். அந்த சிமுலேஷன் சரியா என்று சொல்லக்கூடியவரோ, இத்தனை வருடம் கையால் தேய்த்தவர்தான். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மெஷின் வாங்குவது நவீனமயம் அல்ல, அசட்டுத்தனம்.

என்ஜின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 மே மாதம் நாடே பார்த்தது. என்ஜின் கோளாறுகளால் பாதி விமானங்கள் நின்றுவிட்டன என்று சொல்லி கோ ஃபர்ஸ்ட் திவால் மனு போட்டது. 2025 நவம்பரில் ஹைதராபாதில் சஃப்ரான் நிறுவனம் லீப் என்ஜின்களைப் பழுதுபார்க்கும் மையம் திறந்தது. நல்ல விஷயம். ஆனால் கட்டடம் மட்டும் இங்கே, கணக்கு பிரான்சில் என்றால் கிடைப்பது கூலி மட்டுமே.

காரைக்குடியில் அரிப்பையும் மின்முலாமையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. சில டர்பைன் பிளேடுகளின் பூச்சு தொடங்குவதே பிளாட்டினம் முலாமில்தான்! அதே ஊரில் 1952ல் தொடங்கிய பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. எம்.டி.யு. என்ற ஜெர்மன் ஜெட் என்ஜின் நிறுவனத்தின் பொறியாளர்கள் எழுதிய கால்குலிக்ஸ் என்ற சிமுலேஷன் மென்பொருள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு என்ன குறை?

கடைசி வருட ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் மாணவர்களும், அதற்கு மார்க் போடும் ஆசிரியர்களும்தான் குறை. கழித்துப்போட்ட ஒரு பிளேடைக் கேட்டு வாங்கி, அளந்து, கணக்குப் போட்டு, கணக்கு எங்கே தப்பியது என்று எழுதட்டும். கொழுவுக்கு உலோகம் வைக்கும் பட்டறைக்காரர்கூட, தேய்த்ததை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்!