நிறுத்திய கையைக் கேட்பது யார்?

முதியோர்க்கும் கைம்பெண்டிர்க்கும் தமிழக அரசு திங்கள்தோறும் வழங்கும் உதவித்தொகை 2023இல் 1,200 உருபாவாக உயர்த்தப்பெற்றது. நன்று. ஆனால் அத்தொகை ஒருநாள் நின்றுவிட்டால், அம்மூதாட்டி யாரிடம் போய் முறையிடுவாள்?

'தாங்குவதற்கு மகன் இருக்கின்றான்' என்று எவரோ எழுதிவைத்த ஒற்றை வரியால் அவள் தொகை நின்றதென்று கொள்வோம். மகன் இருப்பது உண்மையாகலாம். அவன் சோறிடுகின்றானா என்பதன்றோ கேள்வி! அதை எடுத்துச் சொல்ல அவளுக்கு நாவுண்டு. எழுத்தில் வடித்துத் தர ஆளில்லை. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தவள், ஐந்தாம் முறை நடக்க வலுவின்றி வீட்டில் அமர்ந்துவிடுகின்றாள். அவள் அமைதியை இசைவு என்று கணக்கெழுதிக் கொள்கின்றனர்.

சட்டமோ வாய்மூடிக் கிடக்கவில்லை. பொருளின்மையால் எவர்க்கும் நயன்மை மறுக்கப்படாவாறு, கட்டணமின்றிச் சட்டத்துணை தரல் வேண்டும் என்கின்றது, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 39அ உறுப்பு. 1987இல் இயற்றப்பெற்று 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவோ, பெண்டிர், சிறுவர், பட்டியலினத்தார், பழங்குடியினர், உடற்குறையுடையோர் ஆகியோர்க்கு வருவாய் வரம்பே வைக்கவில்லை. அச்சட்டத்தின் 2ஆம் பிரிவைப் பலர் படிப்பதில்லை. 'சட்டப்பணி' என்பதற்குப் பொருள் கூறுமிடத்து, அது முறைமன்றத்தோடு நின்றுவிடாமல் பிற ஆட்சி அலுவலர்முன் நடக்கும் வழக்கையும், சட்டம் பற்றிய அறிவுரையையும் சேர்த்தே சொல்கின்றது. சிறையிலிருப்போர்க்கும் மணமுறிவு வழக்குக்குமே இத்துணை உரியது என்பது வெறும் மயக்கம்.

மாவட்டந்தோறும் ஆணைக்குழு உண்டு; வட்டங்களில் குழுக்கள் உண்டு. ஆனால் அவை இயங்குவது முறைமன்ற வளாகத்துள். தொகை நிற்பதோ வட்டாட்சியர் அலுவலகத்துள். இடையிலுள்ள சில தெருக்களைக் கடக்க வழிகாட்டுவாரில்லை. தரகன் மட்டும் வழியறிவான். அவனுக்குக் கூலியும் உண்டு!

ஆகவே, தொகையை நிறுத்தும் அலுவலர் அதன் கரணியத்தை அவளுக்கு விளங்கும் தமிழில் தாளில் எழுதித் தரல் வேண்டும். அத்தாளிலேயே சட்டப்பணிகள் குழுவின் இருப்பிடமும், 15100 என்னும் தொலைபேசி எண்ணும் அச்சிடப்பெறல் வேண்டும். முறையீடு முடியும்வரை தொகை தொடர்ந்து வரல் வேண்டும். பசி தீர்ப்புக்குக் காத்திராது. வழக்கு உயர்முறைமன்றம்வரை ஏறினால் அங்குள்ள மொழி ஆங்கிலம். தமிழும் அங்கு ஒலிக்க வேண்டுமென்று சட்டமன்றம் 2006இல் நிறைவேற்றிய தீர்மானத்துக்கு இசைவு கிட்டவில்லை. தன் சோற்றைப் பற்றிய தீர்ப்பையே அவள் பிறர் சொல்லித்தான் அறிதல் வேண்டும் போலும்!

அரசு தாளடிக்கும்வரை நம் இளைஞர் வாளாவிருக்க வேண்டியதில்லை. ஊரில் தொகை நின்ற ஒருவரைக் கண்டறிந்து, அவருடைய வங்கி ஏட்டையும் குடும்ப அட்டையையும் எடுத்துக்கொண்டு, இக்கிழமையே வட்டச் சட்டப்பணிகள் குழுவுக்கு அழைத்துச் செல்க.