எலும்பு முறிவு ஆபரேஷனுக்குப் பிறகு தொற்று: கூடுதல் ஆக்ஸிஜன் தடுக்குமா?

முறிந்த எலும்பை பிளேட், ஸ்க்ரூ போட்டுச் சேர்த்துவிடலாம். ஆனால், ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் பிடித்துவிட்டால் கதையே வேறு. மறுபடியும் ஆபரேஷன், வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக், இன்னும் சில மாத லீவு என்று செலவும் வேதனையும் நீண்டுகொண்டே போகும். தியேட்டரில் ஏற்கெனவே இருக்கும் ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் இதைக் குறைக்க முடியுமா? அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு இதைச் சோதித்தது. பலன் உண்டு என்கிறது முடிவு. எந்தத் தொற்றில் பலன் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆக்ஸிஜனுக்கும் சீழுக்கும் என்ன சம்பந்தம்?

காயத்துக்குள் நுழையும் பாக்டீரியாவை முதலில் எதிர்ப்பவை வெள்ளை அணுக்கள். அவை ஆக்ஸிஜனைப் பயன்படுத்தித்தான் கிருமியைக் கொல்லும் ரசாயனங்களை உருவாக்குகின்றன. அடிபட்ட இடத்திலோ ரத்தக் குழாய்கள் கிழிந்து, வீக்கம் அழுத்தி, ஆக்ஸிஜன் வரத்து குறைந்திருக்கும்.

‘விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் 98 காட்டுதே, அப்புறம் என்ன குறை?’ன்னு கேட்கலாம். அந்தக் கருவி ஹீமோகுளோபின் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அது நிரம்பிய பிறகும், சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜனைக் கூட்டினால் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரையும் ஆக்ஸிஜன் கூடும். அளவு சிறிதுதான். ஆனாலும், காயத்தின் ஓரத்துத் திசுக்கள் வரை அது போய்ச் சேர உதவும் என்பதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை.

ஆய்வு சொன்னது என்ன?

29 விபத்துச் சிகிச்சை மையங்கள், 1,231 நோயாளிகள். முழங்காலுக்குக் கீழ், கணுக்காலுக்கு மேல், குதிகால் என்று தொற்று அதிகம் வரும் இடங்களில் எலும்பு முறிந்தவர்கள். சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் 21% இருக்கிறது. ஒரு பிரிவினருக்கு 80%, இன்னொரு பிரிவினருக்கு 30% ஆக்ஸிஜன் உள்ள காற்று, ஆபரேஷனின்போதும் அதன் பிறகு சுமார் இரண்டு மணி நேரமும் கொடுக்கப்பட்டது.

30% பிரிவில் 10.7% பேருக்குத் தொற்று வந்தது. 80% பிரிவில் 7.0% பேருக்கு. அதாவது, சுமார் 27 பேருக்குக் கூடுதல் ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒருவர் தொற்றிலிருந்து தப்பிக்கிறார்.

அப்புறம் என்ன தயக்கம்?

குறைந்தது பெரும்பாலும் தோலை ஒட்டிய மேலோட்டமான தொற்றுதான். எலும்பையும் பிளேட்டையும் தொடும் ஆழமான தொற்றில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. நோயாளியைத் திரும்பவும் தியேட்டருக்கு இழுப்பது பெரும்பாலும் இந்த ஆழமான தொற்றுதான். உலோகத்தின் மேல் பாக்டீரியா ஒரு பிசுபிசுப்பான படலம் கட்டி ஒளிந்துகொண்டால், வெள்ளை அணுவோ ஆன்டிபயாடிக்கோ உள்ளே புகுவது கஷ்டம்.

மற்ற ஆபரேஷன்களிலும் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 1,400 பேரை வைத்து டென்மார்க்கில் நடந்த ஆய்வில், 80% ஆக்ஸிஜனால் தொற்று குறையவில்லை. மயக்க மருந்து கொடுத்து, தொண்டையில் குழாய் வைத்து ஆபரேஷன் செய்யப்படும் பெரியவர்களுக்கு 80% ஆக்ஸிஜன் கொடுக்கலாம் என்று 2016-ல் உறுதியாகப் பரிந்துரைத்த உலக சுகாதார அமைப்பு, 2018-ல் அதை நிபந்தனைக்கு உட்பட்ட பரிந்துரையாக மாற்றியது.

என்ன செய்யலாம்?

புதிய மருந்து வேண்டாம், புதிய இயந்திரம் வேண்டாம். தொற்று ஆபத்து அதிகமுள்ள கால் எலும்பு முறிவுகளில், மயக்க மருந்து நிபுணர்கள் இதைப் பரிசீலிப்பது நியாயமே. மேலோட்டமான தொற்றும் நோயாளிக்கு வலிதான், செலவுதான். ஆனால், ‘ஆக்ஸிஜன் கொடுத்தாச்சு, இனி பயமில்லை’ என்ற நினைப்பு வந்துவிடக் கூடாது. நேரத்தோடு ஆன்டிபயாடிக் கொடுப்பது, காயத்தை நன்றாகச் சுத்தம் செய்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஆகியவற்றின் இடத்தை ஆக்ஸிஜன் பிடிக்க முடியாது.

உங்க பங்குக்கு நீங்க செய்ய வேண்டியதும் இருக்கு. சிகரெட்டை உடனே நிறுத்துங்க. சர்க்கரை நோயோ நுரையீரல் பிரச்சினையோ இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிடுங்க. வீட்டுக்கு வந்தபின் ஆக்ஸிஜன் கேன் வாங்கி சுவாசிப்பதற்கு இந்த ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை. தையல் போட்ட இடம் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காதீங்க. அன்றைக்கே டாக்டரைப் பாருங்க.