நிற்கும்போதுதான் கெடுகிறது: திருவண்ணாமலையில் டீசல் கேரவனை வைத்துக் காப்பாற்றுவது எப்படி?

கேரவன் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் படப்பிடிப்புத்தளம்தான் ஞாபகத்துக்கு வரும். நடிகர் ஏறி உட்கார்ந்துகொள்ளும் ஏசி வண்டி. ஆனால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து, குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகும் சொந்த வண்டி என்ற ஆசை இப்போது நடுத்தர வர்க்கத்துக்கும் வந்துவிட்டது. மத்திய சுற்றுலாத் துறை 2010-லேயே கேரவன் சுற்றுலாவுக்கு ஒரு கொள்கை வகுத்தது. கேரளம் 2021-ல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் இடம்பெற்றது. புது வண்டிக்குக் கையில் பணம் இல்லாதவர்கள் பழைய டிராவலர் வேனையோ மினி பஸ்ஸையோ வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில் போடுகிறார்கள்.

அப்படி வாங்கியவர்கள் போக நினைக்கும் ஊர்களில் திருவண்ணாமலை கண்டிப்பாக இருக்கும். பௌர்ணமிக்கு ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். "நம்ம வண்டியிலேயே படுத்துக்கலாம், 14 கிலோமீட்டர் சுத்திட்டு வந்து நிம்மதியா தூங்கலாம்" என்ற கணக்கு நியாயமானதுதான். ஆசிரமங்களை நாடி வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கும் இதே கணக்கு.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இந்த ஊருக்கு வரும் வண்டி ஓடுவதில்லை, நிற்கிறது. இரண்டு நாள், இரண்டு வாரம், சில நேரம் இரண்டு மாதம். டீசல் இன்ஜினை ஓடுவதற்காகச் செய்திருக்கிறார்கள். அதன் மேல் ஏற்றி வைத்த வீட்டை நிறுத்தி வைத்து வாழ்வதற்காகக் கட்டியிருக்கிறார்கள். கேரவனை வைத்துக்கொள்வதில் உள்ள பாதிச் சிரமம் இந்த முரண்பாட்டில்தான் இருக்கிறது. உயிர் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

வடகரையில் நடந்தது

2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தின் வடகரை அருகே கரிம்பனப்பாலத்தில், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஒருவர் உள்ளே, மற்றவர் வாசல் படிக்கட்டில். காயம் எதுவும் இல்லை. கார்பன் மோனாக்சைடு வாயுதான் காரணம் என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. பிறகு கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை செய்து பார்த்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, வண்டியின் தளத்தில் இருந்த ஒரு துளை வழியாக உள்ளே ஏறியிருந்தது உறுதியானது.

இறந்தவர்கள் கேரவனைப் பார்த்தறியாத சுற்றுலாப் பயணிகள் அல்ல, அந்த வண்டியின் ஊழியர்கள். அதனால் "நமக்குத் தெரியாததா" என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

அப்படியென்றால் ஜெனரேட்டரை ஏன் ஓட்ட வேண்டியிருக்கிறது? சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டிக் கூரையில் உள்ள ஏசி சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு எட்டு யூனிட் வேண்டும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருந்தாலும் அதில் இருப்பது 2.4 யூனிட்தான். அதையும் கடைசிவரை உறிஞ்ச முடியாது. கூரையில் 400 வாட் சோலார் போட்டாலும் நல்ல வெயில் நாளில் இரண்டு யூனிட் வந்தாலே பெரிய விஷயம். சித்திரை, வைகாசியில் திருவண்ணாமலையின் பாறைச் சூடு ராத்திரியிலும் இறங்காது. எனவே ஜெனரேட்டர் ஓடுகிறது, அல்லது வண்டி இன்ஜினே விடிய விடிய ஓடுகிறது.

ஜெனரேட்டரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தூங்கும் நேரத்தில் ஓட்டக் கூடாது. புகைக்குழாய் எந்தப் பக்கம் திறக்கிறது, பக்கத்தில் சுவரோ இன்னொரு வண்டியோ புகையைத் திருப்பி அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். பைப், ஒயர் போடுவதற்காகத் தளத்தில் போட்ட ஒவ்வொரு ஓட்டையையும் அடைக்க வேண்டும். வீட்டிலேயே வேலை செய்கிறவர்கள் மறந்துவிடுவது இந்த ஓட்டைகளைத்தான். கட்டில் உயரத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். வண்டிக்கு வாங்கும் டிவியை விட விலை குறைவு. ஆனால் பல வண்டிகளில் டிவி இருக்கிறது, அலாரம் இல்லை. எட்டு யூனிட் கேட்கும் ஏசிக்குப் பதில் 30 வாட் மின்விசிறி வைத்தால் ராத்திரி முழுக்கக் கால் யூனிட்டில் முடியும். அதுவும் போதாத வெயிலில் வண்டியை ஜவ்வாது மலைக்கு ஏற்றிவிடுவதே புத்திசாலித்தனம். சக்கரம் இருப்பது அதற்குத்தானே.

"வாரத்துக்கு ஒருதடவ ஸ்டார்ட் பண்ணி விடுவோம்"

நிறுத்தி வைத்த வண்டிக்குப் பலரும் செய்யும் வைத்தியம் இது. ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை நாலு மிதி மிதித்துவிட்டு ஆஃப் செய்வது. நல்லது என்று நினைத்துச் செய்யும் கெடுதல் இது. குளிர்ந்த இன்ஜினில் எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். ஆயிலிலும் சைலன்சரிலும் கோத்த ஈரம் காயும் அளவுக்குச் சூடேறாது. செல்ஃப் எடுத்ததில் பேட்டரி இழந்தது ஐந்து நிமிடத்தில் திரும்பி வராது.

2020 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டியில் இன்னொன்றும் சேர்கிறது. புகைக்குழாயில் உள்ள டி.பி.எஃப். என்ற வடிகட்டி கரியைப் பிடித்து வைத்து, நல்ல சூடு வந்தபின் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூடு ஹைவேயில் நிதானமான வேகத்தில் ஓடினால்தான் வரும். நின்ற இடத்தில் மணிக்கணக்கில் ஐடிலில் ஓட விட்டால் கரி சேர்ந்துகொண்டே போகும். ஒருநாள் டேஷ்போர்டில் விளக்கு எரியும், இழுவை குறையும். சர்வீஸ் சென்டர் பில் அதற்குப் பிறகு வரும்.

எனவே ஸ்டார்ட் செய்தால் ஓட்ட வேண்டும். திருவண்ணாமலையில் தங்குபவருக்கு வசதியான தூரம் சாத்தனூர் அணை. ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்வந்தால் இன்ஜின், வடிகட்டி, பேட்டரி, டயர் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மருந்து. கிரிவலப் பாதையில் ஊர்ந்து ஒரு சுற்று வருவது வண்டிக்குப் புண்ணியம் சேர்க்காது.

லாரிக்காரர்கள் "யூரியா" என்று சொல்லும் டீசல் எக்ஸாஸ்ட் திரவம் பல பி.எஸ்.6 வண்டிகளில் வேண்டும். அது 32.5 சதவீத யூரியாவும் சுத்திகரித்த நீரும் கலந்தது. வயலுக்குப் போடும் யூரியாவைப் போர் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உப்பும் கசடும் நாசிலை அடைத்து, வினையூக்கியையும் கெடுக்கும். கேனை வெயிலில் வைத்தாலும் திரவம் கெட்டுப்போகும்.

டீசல் டேங்கைப் பாதி காலியாக விட்டு மாதக்கணக்கில் நிறுத்தக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலி இடத்தில் உள்ள ஈரக்காற்று நீராகி அடியில் தேங்கும். அந்த நீரில் கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். நிறுத்துவதற்கு முன் டேங்கை நிரப்புவதும், ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பதும் சொந்தக் கையால் செய்யக்கூடிய வேலைகள். பழைய இன்ஜினில் ஏர் பிடித்தால் கை பம்ப்பை அடித்து ஏர் எடுத்துவிடலாம். காமன் ரெயில் இன்ஜினில் உயர் அழுத்தக் குழாயை வீட்டில் கழற்றவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுவது, கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் கையேட்டில் சொன்ன காலக் கெடுவுக்கு ஆயில் மாற்றுவது, ஏர் பிரேக் வண்டியானால் ஏர் டேங்கில் சேர்ந்த தண்ணீரை விடுவது, இவையெல்லாம் லாரி கிளீனர் காலையில் டீ குடிப்பதற்கு முன் முடிக்கும் வேலைகள். அதே கிளீனரிடம் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: நாள்கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை போடுவது. மழையில் பிரேக் போட்டபடியே நின்றால் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

டயரின் பட்டன் தேயவில்லை என்பதால் டயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. நின்றே வயதான டயர், வெயிலில் விரிசல் விட்டு, முதல் நீண்ட பயணத்தில் வெடிக்கும். இந்த ஊரில் கூடுதலாகக் குரங்குத் தொல்லையும் உண்டு. கூரை வென்ட் வலையும் வைப்பர் ரப்பரும் தப்பினால் அதிர்ஷ்டம். உள்ளே எலி புகுந்து ஒயரைக் கடிப்பது தனிக் கதை.

எடை விஷயத்தைப் பெரும்பாலானவர்கள் கண்டுகொள்வதே இல்லை. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. கட்டில், பேட்டரி, அலமாரி, சிலிண்டர், பாத்திரம் எல்லாம் சேர்ந்து வண்டியின் அனுமதித்த எடையைத் தாண்டிவிடும். ஆரணிப் பக்கம் அரிசி ஆலைகள் உள்ள இடத்தில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. சாமானோடு ஏற்றி, முன் அச்சு எவ்வளவு, பின் அச்சு எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் ஜவ்வாது மலை வளைவுகளில் ஏற வேண்டும். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல் சின்ன கியரில் இறங்க வேண்டும்.

அடுப்பும் ஆர்.சி. புக்கும்

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே, லக்னோவிலிருந்து வந்து நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த காஸ் சிலிண்டரில் டீ போட்டதுதான் காரணம். அந்தப் பெட்டியும் நின்றுகொண்டுதான் இருந்தது. சமையல் காஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் வண்டியில் காஸ் வைத்தால் தரை மட்டத்தில் காற்று வெளியேற வழி வேண்டும், காஸ் அலாரமும் தரைக்குப் பக்கத்தில் வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தை அங்கே வைத்துப் பயனில்லை.

சட்டப் பக்கத்தில், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வாகனம் என்று மத்திய அரசின் 2004 நவம்பர் 5 அறிவிக்கை வகைப்படுத்தியிருக்கிறது. அதற்காகப் பழைய வேனைத் தெரிந்த பட்டறையில் விட்டுக் கட்டில் போட்டுவிட்டு ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. ஆர்.சி. புக்கில் உள்ளதை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரும். உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை வடிவத்துக்கு மாறாகத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் புரட்டுவதும் இந்தப் பக்கத்தைத்தான். கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரம் இருக்கிறது. அதன்படி அங்கீகாரம் பெற்ற வண்டியை வாங்குவது செலவு கூடினாலும் தலைவலி குறைவு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்குச் சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் போதும் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கிவிட்டது. அந்த ஒரு கவலை இல்லை. வெள்ளை போர்டு வண்டியை "பெட்ரோல் காசு" வாங்கிக்கொண்டு வாடகைக்கு விடுவது குற்றம்.

ஊர் செய்ய வேண்டியது

வண்டிக்காரர் செய்ய வேண்டியது இவ்வளவு இருக்க, அரசின் பங்கு என்ன? கொள்கையில் கேரவன் என்று எழுதியாகிவிட்டது. வந்து நிற்க இடம் எங்கே? மலையடிவாரத்தில் மரத்தடியாகப் பார்த்து நிறுத்துவது மழைக்காலத்தில் சரியல்ல. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலையிலிருந்து மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் போயின. கழிவுத் தொட்டி நிரம்பினால் கொட்ட இடமில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கால்வாயில் திறந்துவிடும் ஆட்கள் உருவாவது அதனால்தான். லட்சக்கணக்கானோர் வெறுங்காலோடு நடக்கும் பாதை அது.

தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்களும் வாகன நிறுத்தங்களும் அமைத்துப் பழகிய நிர்வாகம் இது. செங்கம் சாலையிலோ திண்டிவனம் சாலையிலோ ஒரு நிறுத்தத்தில் பத்து இடங்களுக்கு மீட்டரோடு மின் இணைப்பு, ஒரு தண்ணீர்க் குழாய், கழிவைக் கொட்ட மூடிய தொட்டி ஒன்று. வருபவர் கட்டணம் கட்டத் தயாராகவே இருக்கிறார். லாட்ஜ் வாடகையில் கால்வாசி கேட்டாலும் கொடுப்பார். வெளியிலிருந்து கரன்ட் கிடைத்துவிட்டால் எட்டு யூனிட் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. ஜெனரேட்டரை யாரும் தொட வேண்டியதில்லை. இந்தக் கார்த்திகைக்கு முன் ஒரே ஒரு நிறுத்தத்தில் தொடங்கினாலும் போதும். அதுவரை திருவண்ணாமலையில் வண்டியில் தூங்குபவர் ஜன்னலைத் திறந்துவைத்து, மின்விசிறி போட்டு, அலாரத்தின் பேட்டரியைச் சோதித்துவிட்டுப் படுக்கட்டும்.