எல்லைக்கோடு நீண்டால் ஊர் வளர்ந்துவிடுமா?

ஓர் ஊர் எப்பொழுது பெரிதாகின்றது? மக்கள் பெருகினால் பெரிதாகும் என்பர் சிலர்; வீடுகள் நெருங்கினால் பெரிதாகும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் நிகழாமலேயே, ஓர் அரசாணையால் ஒரே நாளில் ஊர் பெரிதாகிவிடும் விந்தையையும் நம் தமிழ்நாடு கண்டிருக்கின்றது. அவ்விந்தை இப்பொழுது சேர்வராயன் மலைமேலும் ஏற முனைந்திருப்பதால், அதனை நாம் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டரசு, 13 நகராட்சிகளையும் 25 பேரூராட்சிகளையும் புதியனவாக அமைக்கவும், 16 மாநகராட்சிகளின் எல்லையை விரிக்கவும் கருதியிருப்பதாக அறிவித்தது. பேரூராட்சியாக உயர்த்தக் கருதப்பெற்ற ஊர்களுள் ஏற்காடும் ஒன்று. ஏற்காட்டை அடுத்துத் தலைச்சோலை, நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி முதலிய மலையூராட்சிகள் உள. இன்று ஏற்காட்டைச் சுற்றி வரையப்பெறும் கோடு, நாளை தலைச்சோலையையும் சுற்றி வளைக்காது என்பதற்கு உறுதி யாது?

கோட்டின் ஆற்றலை அறியச் சென்னையைப் பாருங்கள். 2011 வரை அம்மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 174 சதுரக் கிலோமீட்டர். அவ்வாண்டுக் குடிக்கணக்கின்படி அதனுள் வாழ்ந்தோர் 46.47 இலக்கம் மக்கள். சதுரக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 26,500 பேர் என்னும் பெருநெருக்கடி அது. அதே ஆண்டில் எல்லை 426 சதுரக் கிலோமீட்டராக விரிக்கப்பெற்றது. மக்கட்டொகை 67 இலக்கத்தைத் தாண்டியது. செறிவோ 16,000-க்கும் கீழே இறங்கியது! ஒரு குடும்பமேனும் வீடு மாறிற்றா? வண்ணையிலோ திருவல்லிக்கேணியிலோ ஒரு சந்தேனும் அகன்றதா? இல்லை. மக்கள் இருந்தவிடத்திலேயே இருந்தனர், கோடுதான் நகர்ந்தது. தாளில் நெருக்கடி தணிந்தது, தெருவில் தணியவில்லை.

இன்னோர் உண்மையையும் இக்கணக்கு காட்டுகின்றது. 2001-க்கும் 2011-க்கும் இடையே பழைய சென்னை எல்லைக்குள் மக்கள் பெருகியது ஏறத்தாழ 7 விழுக்காடே. அப்பத்தாண்டுகளில் அண்டையிலிருந்த காஞ்சிபுர மாவட்டம் 39 விழுக்காடும், திருவள்ளூர் மாவட்டம் 35 விழுக்காடும் பெருகின. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் கொள்ளாது. அது விளிம்பில் வழியும். ஆகலின், நகர்ப்பெருக்கம் என்பது பெரும்பாலும் விளிம்பின் பெருக்கமே. அவ்விளிம்பு கோட்டுக்கு வெளியே இருக்கும்வரை நகர் வளராததுபோல் தோன்றும். உள்ளே இழுக்கப்பெற்றதும் திடுமெனக் கொழுத்ததுபோல் தோன்றும். இரண்டும் பொய்த்தோற்றங்களே.

மலையடியிலுள்ள சேலமும் இவ்வழியில் வந்ததே. 1866-இல் நகராட்சியான அவ்வூர், சூரமங்கலம் முதலிய அண்டையூர்களையும் தன்னுட்கொண்டு 1994-இல் மாநகராட்சியாயிற்று. ஏறத்தாழ 91 சதுரக் கிலோமீட்டரில் 2011-இல் 8.29 இலக்கம் மக்கள். சதுரக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9,000 பேர். இந்த நிரவல் எண்ணைக் கொண்டு செவ்வாய்ப்பேட்டையின் நெருக்கத்தையும் புறத்தேயுள்ள வெற்றுமனைகளின் வெறுமையையும் ஒன்றாக அளப்பது, ஒருவன் விருந்துண்ண மற்றவன் பட்டினி கிடக்க இருவரும் அரைவயிறு உண்டனர் என்று கணக்கெழுதுவது போன்றதன்றோ?

எல்லை விரிவதே தீது என்பதன்று நம் கொள்கை. விளிம்பில் குடியேறியோர்க்குக் குடிநீரும் கழிவுநீர் வடிகாலும் வேண்டும். நகரின் வரிவருவாயில் அவர்க்கும் பங்கு வேண்டும். ஆற்றையும் ஏரியையும் ஒரே கையால் காக்க வேண்டும். இவற்றுக்காக எல்லை விரியுமாயின் அது முறையே. ஆனால், எண்ணைப் பெருக்கிப் பெருமை கொள்வதற்கும், வரியைப் பெருக்கிப் பற்றாக்குறையை மூடுவதற்கும் விரியுமாயின், அஃது ஊரை விழுங்குதலே.

சமவெளிக்கே இஃது இவ்வாறெனின், மலைக்கு இன்னும் பன்மடங்கு கருதுதல் வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு பிப்பிரவரித் திங்களில் எடுக்கப்பெற்றது; ஏற்காட்டில் கூட்டம் நெரிவதோ கோடைவிழா நடைபெறும் மே திங்களில். இருபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து வரும் அவ்விருந்தினர் எக்கணக்கிலும் இல்லை. எனினும் குடிக்கும் நீரும் விட்டுச்செல்லும் குப்பையும் மலையினுடையனவே. காட்டையும் காப்பித் தோட்டத்தையும் ஒரே கோட்டுக்குள் அடைத்துவிட்டால், செறிவு மிகக் குறைவு என்று தாள் சொல்லும். ஏரிக்கரையோ மூச்சுவிட இடமின்றித் திணறும். 'இன்னும் இடமிருக்கின்றது' என்று அத்தாளைக் காட்டியே விடுதிகள் எழும். சேலத்தினூடே ஓடும் திருமணிமுத்தாறு இம்மலைத்தொடரில் பிறப்பது என்பதையும் மறவாதீர். மேலே செய்த பிழைக்குக் கீழேயுள்ளோரும் விலை கொடுப்பர்.

தலைச்சோலை என்னும் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மலைமுகட்டுக் காட்டைச் சோலை என்றனர் நம் முன்னோர். அச்சொல்லையே உலக நிலைத்திணை நூலாரும் சற்றே திரித்து இன்று ஆளுகின்றனர். அத்தகு மலையூர்களில் வழிவழி வாழும் பழங்குடி மக்கள், ஊராட்சியின்கீழ் ஊரவையில் நேரே அமர்ந்து வினவும் உரிமை உடையோர். ஊரக வேலைத்திட்டங்களும் ஊரகத்துக்கே உரியன. கோடு நகர்ந்தால் இவை கைநழுவும். வரியும் கட்டணமும் ஏறும். சமவெளியூர்கள் பலவும் மாநகராட்சிகளோடு இணைய மறுத்துக் குரலெழுப்பியது இதனாலன்றோ?

பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்துக் குடும்புதோறும் ஓலையிட்டு ஆளைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. அம்முறை எல்லார்க்கும் வாய்ப்பளித்ததன்று; எனினும், ஆளப்படுவோர் தம் பகுதி ஆளை முகமறிந்து தேரும் அளவிலேயே பகுதி அமைதல் வேண்டும் என்னும் அறிவு அதில் உண்டு. ஊராட்சியின் அளவைக் காண மக்கட்டொகை மட்டும் போதாது. வினவுவோன் குரல் விடை சொல்வோன் செவிக்கு எட்டும் தொலைவும் ஓர் அளவுகோலே.

ஆகவே அரசை நாம் கேட்பன இவை: எல்லை விரியும்போதெல்லாம் பழைய எல்லையின் கணக்கையும் புதிய எல்லையின் கணக்கையும் தனித்தனியே வெளியிடுக. காடும் நீர்நிலையும் நீக்கி, மக்கள் குடியிருக்கும் நிலத்துக்கே செறிவைக் கணக்கிடுக. மலையூர்களில் விருந்தினர் தொகையையும் எண்ணுக. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரவையின் இசைவைப் பெற்ற பின்னரே கோட்டை வரைக.

மலைவாழ் தமிழரே! உங்கள் ஊரைப்பற்றிய கோடு உங்களைக் கேளாமல் வரையப்பெறுதல் ஆகாது. ஊரவை கூடும் நாளில் ஒருவரும் வீட்டில் தங்காதீர். வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் முடிவை எழுத்தில் பதியச் செய்யுங்கள்.