ஆறு இடங்களிலும் இருவர்



புதிய ஏற்பாட்டிலே ஒரு கணவன் மனைவியின் பெயர் ஆறு இடங்களில் வருகிறது: அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் மூன்று முறை, ரோமருக்கும் கொரிந்தியருக்கும் எழுதப்பட்ட நிருபங்களின் கடைசி அதிகாரங்களில் ஒவ்வொரு முறை, தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் முடிவில் ஒரு முறை. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளுமே அவர்கள். இந்த ஆறு இடங்களில் ஒன்றிலாவது ஒருவர் பெயர் மற்றவரை விட்டுத் தனியே வருவதில்லை. அதுமட்டுமல்ல, ரோமர் 16:3இலும் 2 தீமோத்தேயு 4:19இலும் மனைவியின் பெயரே முதலாவது நிற்கிறது. பவுல் இருவரையும் தம் உடன்வேலையாட்கள் என்று ஒரே சொல்லால் அழைக்கிறார். ஊழியர் ஒருவர், அவருக்கு உதவியாக அவருடைய மனைவி என்று அவர் பிரித்து எழுதவில்லை.

இவர்களுடைய ஊழியம் பெரிய ஸ்தாபனம் அல்ல. கிலவுதியு இராயனின் கட்டளையினால் ரோமாபுரியை விட்டு வெளியேறி, கொரிந்துவுக்கு வந்து, கூடாரம் செய்து பிழைத்தவர்கள். அதே தொழிலைச் செய்த பவுல் அவர்களோடு தங்கி வேலை செய்தார். பின்பு எபேசுவிலே, சொல்வன்மையுள்ள அப்பொல்லோவை இருவருமாகச் சேர்த்துக்கொண்டு, அவர் அறியாதிருந்ததை அவருக்கு விளக்கிக் காட்டினார்கள். எபேசுவிலும் ரோமாபுரியிலும் அவர்கள் வீட்டிலே சபை கூடியது. வீட்டிலே சபை கூடினால் அந்த வீட்டுக்கு என்னென்ன வேலை வரும் என்பதை வேதம் விவரிக்கவில்லை. வீடு வைத்து நடத்துகிற உங்களுக்கு அதை எவரும் விவரிக்கவும் வேண்டாம்.

அப்படிப்பட்ட வீடுகள் இன்று நம்மைச் சுற்றிலும் இருக்கின்றன. ஓட்டு வீட்டின் முன்னறையோ, மாடியில் போட்ட தகரக் கொட்டகையோ ஆராதனைக் கூடமாயிருக்கும். முப்பது நாற்பது பேர் கூடுவார்கள். ஒரு கணவனும் மனைவியும் அதை நடத்துவார்கள். நம்மில் பலர் இத்தகைய ஊழியங்களுக்குக் காணிக்கை அனுப்புகிறோம். சிலருக்கு அவர்கள் சொந்த உறவினராகவும் இருக்கலாம். அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

விடியற்காலை நாலரை மணிக்கு ஜெபத்தோடு நாள் தொடங்குகிறது. ஆறு மணிக்குள் சபையாரின் கைபேசிகளுக்கு அன்றைய வசனம் போயாக வேண்டும். ஏழு மணிக்கெல்லாம், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் வந்து நிற்பாள். ஜெபித்து, அவளுக்கு ஒரு தம்ளர் தேநீரும் கொடுத்து அனுப்ப வேண்டும். கணவர் இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையில் படுத்திருக்கும் முதியவரைப் பார்க்கப் போவார். அந்த நேரத்தில் பின்வாசல் வழியாக வேறொருத்தி வருவாள். முந்தின இரவு குடித்துவிட்டு வந்த கணவனிடம் அடிபட்டவள் அவள். முன்னறையில் உட்கார்ந்து போதகரிடம் சொல்லக் கூடாததை அடுப்பங்கரையில் போதகரின் மனைவியிடம் சொல்லி அழுவாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும். மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடம், இரவில் யாராவது ஒருவர் இல்லத்தில் வீட்டு ஜெபம். சனிக்கிழமை வந்தால் பாய்களை உதறிப் போட வேண்டும், ஒலிபெருக்கியைச் சரிபார்க்க வேண்டும், திருவிருந்தின் சிறு கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும், தூரத்திலிருந்து வருகிறவர்களின் மதிய உணவுக்கு அரிசி அளந்து வைக்க வேண்டும். இவற்றின் நடுவே சொந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணமும் வீட்டு வாடகையும் மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கும்.

இந்த நாளை இரண்டாகப் பிரித்து, எது ஊழியம், எது வீட்டுவேலை என்று கோடு போட முயன்று பாருங்கள். போட முடியாது. ஆயினும் நாம் போட்டுவிடுகிறோம். அவர் செய்வதை ஊழியம் என்றும், அவள் செய்வதை வீட்டுவேலை என்றும் எண்ணிக்கொள்கிறோம். ஆண்டுவிழாவில் பொன்னாடை அவர் தோளுக்குப் போகிறது. அறிக்கைத்தாளில் அவர் பெயர் அச்சாகிறது. அவளை நாம் "அம்மா" என்கிறோம். அது மரியாதையான சொல்தான், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளில் அம்மாவின் வேலையை யார் கணக்கிடுகிறார்கள்? அம்மா எப்போது உண்டாள், எப்போது படுத்தாள் என்று யார் கேட்கிறார்கள்? அந்தப் பழக்கத்தையும் சேர்த்தே நாம் சபைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

இது புதிதும் அல்ல. நம் தென்மாவட்டத் திருச்சபைச் சரித்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இராபர்ட் கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். 1856இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் படித்தவர் படிக்காதவர் எல்லாரும் அறிவார்கள். சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலையும் உண்டு. அது தகுதியான மேன்மையே. அவர் 1844இல் மணந்த எலைசா அம்மையாரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்னும் தம்பதியின் மகள் அவர். தாயார் அங்கே பெண்பிள்ளைகளுக்குக் கல்வியோடு ரேந்தைப் பின்னலும் கற்றுக்கொடுத்து, அவர்கள் கைக்கு ஒரு தொழிலைத் தந்தவர். மகள் அந்த இரண்டையும் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். தேரிக்காட்டின் செம்மண்ணில் ஒரு பெண்பிள்ளை எழுத்தறிந்து, தன் கையால் நாலு காசு சம்பாதித்தாள் என்றால், அதுவும் அந்த வீட்டிலிருந்து நடந்த ஊழியத்தின் கனிதான். கணவரின் பெயரை உலகம் அறிந்தது. மனைவியின் பெயரோ சரித்திரம் தேடுவோருக்கு மட்டுமே கிடைக்கிறது.

"ஊழியம் என்றாலே தியாகம்தானே, ஐயா? பாராட்டுக்காகவா அவர்கள் செய்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் பாராட்டுக்காகச் செய்யவில்லை என்பது உண்மை. தியாகத்தின் மேன்மையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தியாகம் ஒருவர் தாமாக மனமுவந்து படைப்பது. ஒருவர் படைப்பதைக் கண்ணெடுத்தும் பாராமல் நாம் எடுத்துக்கொண்டேயிருப்பதற்கு அந்தப் பெயரைச் சூட்டலாகாது. 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஊழியக்காரருக்கு உண்ணவும் குடிக்கவும் உள்ள உரிமையைப் பற்றிப் பவுல் வாதிடுகிற இடத்திலேயே, ஐந்தாம் வசனத்தில், மற்ற அப்போஸ்தலரும் கேபாவும் தங்கள் மனைவியரை உடன் அழைத்துச் செல்வதைக் குறிப்பிடுகிறார். தமக்கு மனைவி இல்லாதிருந்தும், அந்தப் பெண்களைக் கணக்கில் விடாமல் அவர் சேர்த்துக்கொண்டார். தாங்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் அவர்களும் இருக்கிறார்கள்.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தையும் நாம் பாதியிலிருந்தே வாசித்துப் பழகியிருக்கிறோம். காலை தொடங்கிச் சாயங்காலம் வரை மோசே தனியாக உட்கார்ந்து நியாயம் தீர்ப்பதைக் கண்டு, இது நல்லதல்ல, நீரும் இளைத்துப்போவீர், ஜனங்களும் இளைத்துப்போவார்கள் என்ற கருத்தில் எத்திரோ எச்சரித்தார். வேலையைப் பகிர்ந்துகொள்வதைப் பற்றி இந்தப் பகுதியிலிருந்து எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எத்திரோ எதற்காக வனாந்தரத்துக்கு வந்தார்? தாய் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்த சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்னும் இரண்டு பிள்ளைகளையும் மோசேயிடம் கொண்டுவந்து சேர்க்கவே வந்தார். மோசே எதிர்கொண்டு போய் மாமனை வணங்கி முத்தஞ்செய்தார் என்று எழுதியிருக்கிறது. மனைவியிடம் பேசினதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. பேசியிருக்கமாட்டார் என்று நான் சொல்லத் துணியேன். ஆனால் மறுநாளே அவர் விடியற்காலத்தில் வேலைக்கு உட்கார்ந்துவிட்டார். மகளைக் கொடுத்த ஒரு தகப்பனின் கண் அதைக் கண்டது. பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி அவர் சொன்ன ஆலோசனையினால் அந்தக் கூடாரத்துக்கும் நன்மை உண்டாயிற்று என்றே நான் வாசிக்கிறேன்.

ஆகையால், பிரியமானவர்களே, உங்கள் முன் மூன்று காரியங்களை வைக்கிறேன்.

முதலாவது, இரண்டு பெயரையும் சொல்லுங்கள். நீங்கள் ஆதரிக்கும் ஊழியத்தில் கணவரின் பெயர் தெரியும். மனைவியின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குடும்ப ஜெபத்தில் இருவரையும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். நன்றி சொல்லும்போது அவள் செய்த வேலையைக் குறிப்பிட்டு நன்றி சொல்லுங்கள்.

இரண்டாவது, வாரத்தில் ஒருநாள் அந்த வீட்டின் கதவைத் தட்டாதிருங்கள். திங்கட்கிழமையோ வேறெந்த நாளோ, அவர்கள் குறிக்கும் நாளை மதியுங்கள். மரணமும் ஆபத்தும் நாள் பார்த்து வருவதில்லை, அதற்கு அவர்கள் கதவைத் திறப்பார்கள். மற்றவை ஒருநாள் பொறுக்கும். முடிந்தால் அன்றைக்கு உங்கள் வீட்டில் சமைத்ததை ஒரு பாத்திரத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உட்காராமல் திரும்பி வாருங்கள்.

மூன்றாவதுதான் மிகவும் அவசியமானது. போதகர் திடீரென்று மரித்துப்போனால் அவருடைய மனைவியின் நிலை என்ன? அடக்க ஆராதனையில் நாம் கண்ணீர் விடுவோம். அந்த வீடு ஊழியத்தின் பெயரில் வாடகைக்கு எடுத்த வீடாக இருக்கும். காணிக்கை அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்ததாக இருக்கும். சில வாரங்களில் புதிய ஊழியர் ஒருவர் வருவார். இருபது ஆண்டுகள் அந்தப் பாய்களை விரித்தவள், எங்கே போவது என்று தெரியாமல் தன் பெட்டியைக் கட்டுவாள். அவள் ஊழியக்காரியா, ஊழியக்காரரின் மனைவி மாத்திரமா என்ற கேள்விக்கு நாம் உண்மையில் என்ன பதில் வைத்திருந்தோம் என்பது அந்த வாரத்தில் வெளியாகும். இப்போதே ஏதாவது செய்யுங்கள். அவள் பெயரிலேயே ஓர் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு இருக்கட்டும். நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு மாதந்தோறும் அதில் சேரட்டும். தொகை சிறியதாயிருந்தாலும் தவறாமல் சேரட்டும். காணிக்கையை எண்ணுகிற பொறுப்பைச் சபையாரில் இருவர் ஏற்றுக்கொண்டால், அந்தத் தம்பதியின் தோளிலிருந்து ஒரு பாரமும், அவர்கள் மேல் விழக்கூடிய ஒரு சந்தேகமும் நீங்கும்.

இதை வாசிக்கிறவர்களில் இப்படிப்பட்ட ஊழியத்தை நடத்துகிற தம்பதிகளும் இருப்பீர்கள். சகோதரரே, உங்கள் மனைவியை "எனக்கு உதவியாயிருக்கிறாள்" என்று சபையில் அறிமுகப்படுத்துகிறீர்களா? பவுல் பயன்படுத்தின சொல்லை நீங்களும் பயன்படுத்திப் பாருங்கள். உடன்வேலையாள் என்று சொல்லுங்கள். சொன்னபின் வரவுசெலவையும், எந்த அழைப்பை ஏற்பது எதை மறுப்பது என்பதையும் அவளோடு கலந்தே தீர்மானியுங்கள். சகோதரியே, களைத்துப்போனேன் என்று சொல்வது விசுவாசக் குறைவு அல்ல. சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்ட எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டான், எழுப்பி அப்பம் கொடுத்தான், மறுபடியும் தூங்க விட்டான்.

ரோமாபுரிக்கு எழுதினபோது, புறஜாதியாரின் சபைகளெல்லாம் இந்த இருவருக்கும் நன்றியறிதல் உள்ளவையாய் இருக்கின்றன என்ற கருத்தைப் பவுல் பதிவு செய்கிறார். அவருடைய உயிருக்காக அவர்கள் தங்கள் கழுத்தையே கொடுத்தவர்கள். அந்தச் சபைகள் இருவரையும் அறிந்திருந்தன, இருவருக்கும் நன்றி சொல்லின. இந்த வாரம் உங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு ஊழியத்தின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழையுங்கள். "அம்மா இருக்கிறார்களா? இன்றைக்கு அவர்களோடு பேசத்தான் அழைத்தேன்" என்று சொல்லுங்கள்.

ஜெபிப்போம். பரம பிதாவே, உமது நாமத்தினிமித்தம் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிற கணவன் மனைவிமாரை உமது சமுகத்தில் நினைவுகூருகிறோம். அடுப்பங்கரையில் செய்யப்படும் ஊழியத்தையும் காண்கிறவர் நீர். அதைக் காணும் கண்களை எங்களுக்கும் தாரும். அவர்களைத் தாங்கும் கைகளாக எங்களை மாற்றும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், நல்ல பிதாவே. ஆமென்.