எட்டாத ஆழத்துக்கு ஒரு விலை

ஏழு சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு மீன். செம்மஞ்சள் கலந்த சிவப்பு உடல். அதன்மேல் மேலிருந்து கீழாக இறங்கும் வெண்ணிறப் பட்டைகள். பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, குக் தீவுகளில் ஒன்றான ரறொற்றோங்காவுக்கு அப்பால், 50 மீற்றருக்கும் 120 மீற்றருக்கும் இடைப்பட்ட ஆழத்துப் பாறைச் சரிவுகளில் அது வாழ்கிறது. விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டதே 1992 இல்தான். கோடு போட்ட புதினா மிட்டாயை நினைவூட்டுவதால் பெப்பர்மின்ட் ஏஞ்சல் மீன் என்று வணிகர் அழைக்கும் இந்தச் சிறு உயிர் ஒன்றுக்கு 30,000 அமெரிக்க டொலர் வரையில் விலை பேசப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

பணம் மிகுந்தவனின் பைத்தியம் என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. கடல்மீன் தொட்டி ஒன்றை வைத்திருப்பது நன்னீர்த் தொட்டியில் தங்கமீன் விடுவது போன்ற காரியம் அன்று. உப்பின் அளவு, வெப்பநிலை, சுண்ணாம்புச் சத்து, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி, பகலும் இரவும் மாறிவரும் ஒளி என்று கடலின் ஒரு துண்டை வீட்டுக்குள்ளே நாள்தோறும் காப்பாற்ற வேண்டும். ஒரு குளிர்கால இரவில் மின்சாரம் சில மணிநேரம் நின்றால் போதும், பல ஆண்டு உழைப்பு வயிறு மேலாக மிதக்கும். எம்மவர் நகை வாங்குவது கழுத்துக்கு அழகு என்பதற்காக மட்டுமன்று. அவசரத்துக்கு அடைவு வைக்கலாம் என்பதற்காகவுந்தான். மீனை எவரும் அடைவு பிடிக்கமாட்டார். நாளை இல்லாமற் போகக்கூடிய ஒன்றை இன்று கண்முன்னே உயிரோடு வைத்திருக்கிறோம் என்பதே இந்த ஆசையின் பாதி.

ஆசையும் புதிதன்று. 1853 இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மீன்களுக்கென ஒரு கண்ணாடி மண்டபம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் என்ற இயற்கையியலாளர் வெளியிட்ட நூல் வசதி படைத்த ஆங்கிலக் குடும்பங்களிடையே கடல்நீர்த் தொட்டி மோகத்தை மூட்டிவிட்டது. கூடையும் சாடியுமாகக் கடற்கரைக்குப் படையெடுத்தவர்கள் பாறைக் குட்டைகளைச் சில ஆண்டுகளில் துடைத்தெடுத்துவிட்டார்கள். தன் நூலே இதற்கு வழிவகுத்தது என்று தந்தை வருந்தியதை மகன் எட்மண்ட் கோஸ் 1907 இல் வெளியான தமது நூலில் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் அழகுக்கா இந்த விலை? இல்லை என்பதற்கு ஹவாய்த் தீவுகளின் மஞ்சள் டாங் மீன் சாட்சி. எலுமிச்சம்பழத்தை நிகர்த்த மஞ்சள். பல தசாப்தங்களாக ஹவாயின் மேற்குக் கரையிலிருந்து அது இலட்சக்கணக்கிற் பிடித்து அனுப்பப்பட்டது. சில பத்து டொலருக்கு எந்தக் கடையிலும் கிடைத்தது. கடல்மீன் வளர்க்கத் தொடங்குவோர் வாங்கும் மீன் என்பதால், தேர்ந்த சேகரிப்பாளர் அதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 2017 இல் ஹவாய் உச்ச நீதிமன்றம், சுற்றாடல் ஆய்வு செய்யாமல் இத்தகைய பிடிப்புக்கு அனுமதி வழங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2021 இன் தொடக்கத்தில் எஞ்சியிருந்த பிடிப்பும் நிறுத்தப்பட்டது. உடனே விலை பல மடங்கு ஏறியது. மீனின் மஞ்சள் ஒரு துளியும் கூடவில்லை. நேற்றுவரை கண்ணிற் படாத மீன் இன்று தொட்டியின் நடுநாயகமானது.

ஆக, விற்கப்படுவது நிறம் அன்று, எட்டாத தன்மை. பெப்பர்மின்ட் மீனின் ஆழத்துக்குச் சாதாரண காற்றுச் சிலிண்டரோடு இறங்க முடியாது. ஹீலியம் கலந்த வாயுவும், வெளிவிட்ட மூச்சைச் சுத்திகரித்து மீண்டும் தரும் கருவியும், பல ஆண்டுப் பயிற்சியும் வேண்டும். அடியில் நிற்பது சில நிமிடம். மேலே வருவதற்கோ மணிக்கணக்கு. அவசரப்பட்டு எழுந்தால் இரத்தத்திற் கரைந்த வாயு குமிழியாகி ஆளை முடக்கும், கொல்லவும் கூடும். மீனுக்கும் அதே கதிதான்: ஆழத்திலிருந்து விரைந்து கொண்டுவந்தால் அதன் உள்ளிருக்கும் காற்றுப்பை ஊதி உறுப்புகளை நசுக்கும். ஆகவே கூட்டில் வைத்துச் சிறிது சிறிதாக உயர்த்துகிறார்கள், அல்லது ஊசியாற் குத்திக் காற்றை இறக்குகிறார்கள்.

இத்தகைய ஆழ்கடற் சுழியோடிகள் உலகில் வெகு சிலர். அவர்களுக்கு ஊதியமும் கிடைக்கிறது, பெயரும் கிடைக்கிறது. தொட்டிகளை நிரப்பும் மற்ற மீன்களிற் பெரும்பகுதியைப் பிடிப்பவர்களின் நிலை வேறு.

இந்தோனேசியாவின் சுலவேசிக்கு அருகே பங்காய் என்றொரு சிறு தீவுக்கூட்டம் உண்டு. வெள்ளி உடலில் மூன்று கரும்பட்டைகளும் வெண்புள்ளிகளும் கொண்ட பங்காய் கார்டினல் மீன் இயற்கையில் அங்கே மட்டும் வாழ்வது. 1933 இல் விஞ்ஞானப் பெயர் பெற்று, பின்னர் அறுபது ஆண்டுகளாக மறக்கப்பட்டிருந்தது. 1990களின் நடுப்பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டதும் கடைகளுக்குப் புதுமை கிடைத்துவிட்டது. 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆறு ஏழு இலட்சம் மீன்கள் பிடிக்கப்பட்டதாக ஆய்வாளர் மதிப்பிட்டனர். இந்த மீனின் ஆண், முட்டைகளைத் தன் வாயிலேயே சுமக்கிறது; பொரித்த பின்னரும் குஞ்சுகளைச் சில நாள் வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறது; ஏறத்தாழ ஒரு மாதம் பட்டினி. ஒரு தடவைக்கு வெளிவருவன நாற்பது குஞ்சுகள் அளவில். மற்றப் பவளப்பாறை மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்திற் பரவி வேறு பாறைகளைச் சேரும். இவை பிறந்த இடத்திலேயே முள்ளெலி போன்ற கடல்முள்ளிகளின் நடுவே தங்கிவிடும். ஆகவே ஒரு பாறையில் வழித்தெடுத்துவிட்டால் பக்கத்துப் பாறையிலிருந்து புதிய மீன் வந்து சேர்வது அரிது. 2007 இல் இது அழியும் ஆபத்துள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. இந்த மீன் ஒன்றைப் பிடித்துக் கொடுத்த தீவுவாசிக்குக் கிடைத்தது சில அமெரிக்கச் சதங்கள். அமெரிக்கக் கடையில் அதன் விலை பத்து இருபது டொலர்.

பிலிப்பைன்சிற் கதை இன்னும் கொடிது. 1960களிலிருந்து அங்கே சயனைட் வில்லையை நீரிற் கரைத்துப் போத்தலில் நிரப்பிப் பவளப் பொந்துகளுக்குள் பீச்சிவந்தார்கள். சட்டம் தடுத்தும் பழக்கம் எளிதில் நீங்கவில்லை. மயங்கிய மீனைக் கையாலேயே அள்ளலாம், பவளம் செத்துப்போகும். தப்பிய மீனும் பல வேளைகளில், கடல் கடந்து வந்து சில நாட்களோ வாரங்களோ சென்றபின், வாங்கியவரின் தொட்டியிற் காரணம் தெரியாமற் சாகும். அவர் நீரைக் குறைகூறுவார், உப்பைக் குறைகூறுவார், பின்னர் இன்னொன்றை வாங்குவார்.

எமது கரைகளும் இந்த வணிகத்துக்கு வெளியே நின்றவை அல்ல. இலங்கையிலிருந்து அலங்காரக் கடல்மீன்கள் பல தசாப்தங்களாக ஏற்றுமதியாகின்றன. இளநீல உடலும் கரிய முகமும் மஞ்சள் முதுகுச் செட்டையும் கொண்ட டாங் வகை மீன் இந்து சமுத்திரத்துக்கு உரியது. ஐரோப்பியக் கடையொன்றில் அதனைக் காண்பவர், அது எமது கடலில் நீந்தியதாகவும் இருக்கலாம் என்று எண்ணுவதிற் தவறில்லை. பவளத்தின்மேற் கவிழ்த்து மீனை மடக்கும் மொக்சி வலை பாறைகளை உடைத்ததனாற் தடைசெய்யப்பட்டது. 1998 இற் கடல்நீர் சூடேறியபோது தீவின் மேற்கிலும் தெற்கிலும் பவளப்பாறைகள் பெருமளவில் வெளிறி மடிந்தன. திருகோணமலைப் பக்கம் பெரிதும் தப்பியது. போர்க்காலக் கட்டுப்பாடுகள் கிழக்குக் கடலில் இத்தொழிலை அடிக்கடி தடுத்தன. மீனுக்கு அதனால் ஓய்வு கிடைத்தது என்று சிலர் சொல்வதுண்டு; அந்த ஓய்வுக்குக் கரையிலிருந்தவர்கள் கொடுத்தது என்னவென்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத் தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சங்குக்கும் கடலட்டைக்குமாகச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒரே நாளிற் பலமுறை சுழியோடி, முடங்கிய கால்களோடு வீடு திரும்பியவர்களைக் கரையோர ஊர்கள் அறியும். அலங்கார மீனுக்கு இறங்குபவரையும் அதே நோய்தான் காத்திருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் பண்ணையில் வளர்த்துவிடலாமே என்று கேட்பார்கள். கோமாளி மீன் 1970களிலிருந்து பண்ணைகளிற் பிறக்கிறது. ஹவாயின் மஞ்சள் டாங் 2015 இல் முதன்முறையாகத் தொட்டியில் வளர்த்தெடுக்கப்பட்டது. குஞ்சின் வாய் அத்தனை சிறிது என்பதால், அதற்கேற்ற உணவை உண்டாக்கவே விஞ்ஞானிகள் பல ஆண்டு பாடுபட்டார்கள். பங்காய் மீனையும் 2012 முதல் தாய்லாந்துப் பண்ணையொன்று பெருமளவிற் பெருக்கி அனுப்பத் தொடங்கியது. மீனுக்கு இது நன்மை, ஐயமில்லை. பங்காய்த் தீவுவாசிக்கு? முன்பு சில சதமாவது வந்தது. இனி அதுவும் தாய்லாந்துக்கு. மன்னாரின் முத்துக்குளிப்பைக் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1920களில் யப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தபின் பஹ்ரெயினிலும் குவைத்திலும் சுழியோடிகளின் பிழைப்புச் சரிந்தது. சிப்பி தப்பியது, மனிதன் கடனாளியானான்.

ஆகவே காட்டுப் பிடிப்பை முற்றாக ஒழிக்கவேண்டும் என்ற கூக்குரலோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. வலையாற் பிடித்து, எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, பிடித்தவருக்கு விலையில் ஒரு கண்ணியமான பங்கைக் கொடுத்தால், தன் பாறையைக் காப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தப் பங்கு இல்லாவிட்டால், அதே பாறையில் அவர் நாளை வெடி வைத்துச் சாப்பாட்டு மீன் பிடிப்பதைக் குற்றம்சொல்ல எமக்கு என்ன உரிமை? பங்காய் மீனைப் போலப் பிறந்த பாறையை விட்டகலாத இனங்களுக்கு மட்டும் இந்த நியாயம் பொருந்தாது. அவற்றைப் பண்ணைக்கே விட்டுவிடவேண்டும், அந்தப் பண்ணையும் பங்காயிலேயே அமையவேண்டும்.

இதற்கெல்லாம் முதற்படி, மீன் எங்கிருந்து வந்தது என்பது தெரிவது. அதுதான் தெரிவதில்லை. உலகில் விற்பனையாகும் கடல் அலங்கார மீன் இனங்களில், சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையிற் சேர்க்கப்பட்டவை மிகச் சில. கடற்குதிரைகள் உண்டு. மெக்சிக்கோவுக்கு மேற்கே ரெவில்லகிகேடோ தீவுகளைத் தாயகமாகக் கொண்ட, பல ஆயிரம் டொலர் பெறுமதியான கிளாரியன் ஏஞ்சல் மீன் 2016 இற் சேர்க்கப்பட்டது. பங்காய் மீனைச் சேர்க்கும் முயற்சி 2007 இலும் 2016 இலும் கைகூடவில்லை. எஞ்சியவை பெரும்பாலும் வெப்பமண்டலக் கடல்மீன் என்ற ஒரே பெயரின்கீழ், பொலித்தீன் பைகளில், விமான நிலையங்களைக் கடந்து போகின்றன. பிறந்த ஊர் எது, எந்த வழியால் வந்தாய், யார் கூட்டிவந்தார், இடையில் எத்தனை நாள் எங்கே தங்கினாய் என்று எம்மவரை மணிக்கணக்காகக் குடைந்தெடுக்கும் அதே வாசலில், இந்த மீனிடம் ஊரைக் கேட்க ஒருவருமில்லை.

எம்மவரிற் பலரும் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். வரவேற்பறையிற் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளும் உணவகங்களும் உண்டு. கடைக்காரரிடம் அவர்கள் கேட்கக்கூடியவை சில: எந்த நாட்டு மீன், பண்ணையா கடலா, வலையா மருந்தா, வந்து எத்தனை நாள் ஆகிறது, கண்முன்னே இரை எடுக்கிறதா. நல்ல கடைக்காரர் இவற்றுக்கு விடை வைத்திருப்பார். விடை இல்லாவிட்டால் பேரம் பேசாமற் திரும்பிவிடலாம். கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்ப்பதற்கு எவரும் காசு கேட்பதில்லை.